சிங்கப்பூர் வரும் அப்பா அம்மாவைப் பூங்கா இணைப்புப் பாதையில் (பூங்காக்களை இணைக்கும் நடை, சைக்கிள் பாதை) நடக்கக் கூட்டிப் போகலாமா? வெறும் சிமெண்டுப் பாதையில் பார்க்க என்ன இருக்கிறது?

கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்களே, "பார்க்க என்ன இருக்கிறது" என்று, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீட்டிலும் இதையேதான் கேட்டார்கள். உங்கள் பெற்றோருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும், ஒருவருக்காவது முட்டி வலி இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

தாராளமாகக் கூட்டிப் போங்கள். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் தொடங்கி, காலாங் ஆற்றோரமாகத் தெற்கே இறங்கும் பாதையில் போங்கள்.

என் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்தபோது மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. செந்தோசா சுற்றுலாத் தீவுக்குக் கூட்டிப் போனோம்; பாதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் பைகளுக்குக் காவல் இருந்தார். இந்தப் பாதையில்தான் யார் கையையும் பிடிக்காமல் நடந்தார். தரை சமமாக இருக்கிறது, பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது, முடியவில்லை என்றால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம். முட்டி வலிக்காரருக்கு இதைவிடப் பெரிய தைரியம் வேறு என்ன வேண்டும்?

பூங்காவுக்குள் ஓடும் ஆறு முன்பு 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாய். அதை உடைத்து, வளைந்து நெளிந்து 3.2 கிலோமீட்டர் ஓடும் ஆறாக்கி, 2012இல் பூங்காவை மறுபடி திறந்தார்கள். காவிரிக் கரையில் வளர்ந்தவர் அல்லவா, அம்மாவுக்கு இதைச் சொன்னதும் கரையைத்தான் குனிந்து பார்த்தார். கல்லும் செடி வேரும் சேர்ந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கிற கரை. "மழை பெய்தால் தண்ணி எங்கே போகும்?" என்றார். பெருமழையில் பக்கத்துப் புல்வெளி வரை ஆறு ஏறும். நீர்மட்டம் உயர்ந்தால் விளக்கு மினுக்கி, சங்கு ஊதி எச்சரிப்பார்கள். அப்போது ஆற்றங்கரையில் நிற்கக் கூடாது.

நீர்நாய்களையும் அங்கேதான் பார்த்தார். ஒரு குட்டி கரையேறி மீனை முன்னங்கால்களில் பிடித்துத் தலையிலிருந்து கடிக்க ஆரம்பித்தது. முள் நொறுங்கும் சத்தம் பாதை வரை கேட்டது. அம்மா நகரவே இல்லை. பக்கத்தில் கைகளை வீசித் தொடையில் தட்டிக்கொண்டிருந்த சீனப் பாட்டி ஒருவர் சிரித்துக்கொண்டே அம்மாவுக்கும் அந்தப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார். இருவருக்கும் பொது மொழி ஒன்றுமில்லை. அடுத்த வாரமும் அம்மா அவரைத் தேடினார்.

"மேக்ரிட்சி காட்டுப் பாதைக்கு ஈடாகுமா?" என்று யாராவது கமெண்டில் கேட்பீர்கள், தெரியும். அங்கே 250 மீட்டர் தொங்குபாலம் இருக்கிறது, அருமையான இடம், நானே போவேன். ஆனால் அந்தப் பாலத்தை அடையவே காட்டுக்குள் சில கிலோமீட்டர் நடக்க வேண்டும். மூட்டு மாற்றிய அம்மாவை அங்கே கூட்டிப் போய்விட்டு வந்து என்னோடு வாதம் செய்யுங்கள்.

     

காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள், பத்துக்கு மேல் வெயில் தாங்காது. குடையும் தண்ணீரும் கட்டாயம். பெற்றோரை இடது ஓரமாக நடக்க வையுங்கள். சைக்கிளும் மின்ஸ்கூட்டரும் இதே பாதையில் 25 கிலோமீட்டர் வேகம் வரை வரலாம். வயதானவர்கள் மணிச் சத்தம் கேட்டதும் பதறிக் குறுக்கே வருவார்கள், அதுதான் ஆபத்து. பூங்காவைத் தாண்டினால் ஆறு மறுபடி கான்கிரீட்டுக்குள் போய்விடும், வெயிலும் கூடும். கால் ஒத்துழைத்தால் மட்டும் தொடருங்கள். வழியில் சரிவுக் கூரை போட்ட பொத்தோங் பாசிர் அடுக்குமாடிகள் தெரியும். அங்கே சிவதுர்கா ஆலயத்தில் கும்பிட்டுவிட்டு ரயில் ஏறினால் லிட்டில் இந்தியா மூன்றாவது நிறுத்தம், காலைப் பலகாரத்தை அங்கே முடித்துக்கொள்ளலாம்.