சமையற்கலை மாணவர்களின் இணையத் தேடல்: கேள்வி பதில்

கேள்வி: ஹாலண்டேஸ் சாஸ் (மஞ்சள் கருவும் வெண்ணெயும் சேர்த்துச் செய்வது) என்று தேடினால் செய்முறைகளாகக் கொட்டுகின்றன. எதை நம்புவது?

பதில்: பெயரை மட்டும் அடித்தால் அப்படித்தான். "ஹாலண்டேஸ் ஏன் திரிகிறது", "மஞ்சள் கரு எத்தனை டிகிரியில் உறையும்" என்று தேடிப் பாருங்கள். மஞ்சள் கரு தனியாக இருந்தால் ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸில் கெட்டியாகத் தொடங்கி 70-இல் உறைந்துவிடும். எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும். இது தெரிந்தபின், தீயைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத செய்முறையை நீங்களே தள்ளிவிடுவீர்கள்.

கேள்வி: முட்டை சேர்க்காத கேக்குக்கு, கழித்தல் குறி போட்டு முட்டை என்று அடிக்கிறேன். சரியா?

பதில்: வேண்டாம். அந்தக் குறி முட்டை என்ற சொல் உள்ள பக்கங்களை நீக்கப் பார்க்கும். "முட்டை தேவையில்லை" என்று எழுதியவரும் அதில் அடிபடுவார். "முட்டையில்லாத கேக்" என்று மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

கேள்வி: கோழி இறைச்சியின் உள்வெப்பம் ஓரிடத்தில் 74 டிகிரி, இன்னோர் இடத்தில் 70. எது சரி?

பதில்: இரண்டும் சரி. அமெரிக்க வேளாண் துறை 74 டிகிரியைத் தொட வேண்டும் என்கிறது. பிரிட்டனின் உணவுத் தர முகமை, 70 டிகிரியில் 2 நிமிடம் இருந்தால் போதும் என்கிறது. கிருமி சாவது சூட்டோடு நேரத்தையும் பொறுத்தது. இப்படிப்பட்ட எண்களுக்கு அரசுத் தளங்களுக்குள் மட்டும் தேடுங்கள்: ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரி. தேர்வில் உங்கள் பாடத்திட்டம் பின்பற்றும் விதியை எழுதுங்கள்.

கேள்வி: ஒரு கப் மைதா எத்தனை கிராம்? தளத்துக்குத் தளம் மாறுகிறதே?

பதில்: கப்பே மாறுகிறது. அமெரிக்கக் கப் சுமார் 237 மி.லி., ஆஸ்திரேலியக் கப் 250. அங்கே டேபிள்ஸ்பூன்கூட 20 மி.லி., மற்ற பல இடங்களில் 15. மாவை அள்ளுகிற விதத்தில் 120 முதல் 150 கிராம் வரை வரலாம். தேடும்போதே "கிராம்" என்று சேர்த்து, எடையில் எழுதிய செய்முறையை எடுங்கள்.

கேள்வி: இறைச்சியை முதலில் அதிகச் சூட்டில் வறுத்தால் சாறு உள்ளேயே பூட்டப்படும் என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார். பத்துத் தளங்களில் அப்படித்தானே இருக்கிறது?

பதில்: ஆசிரியர் பக்கம்தான் நான். பத்துத் தளம் என்பது பத்துச் சான்று ஆகாது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாகவும் இருக்கலாம். இது 19-ஆம் நூற்றாண்டில் லீபிக் என்ற வேதியியலாளர் பரப்பிய கருத்து. சமைப்பதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தால், வறுத்த துண்டும் சாற்றை இழந்திருக்கும். வறுப்பதால் கிடைப்பது நிறமும் மணமும்தான். 1912-இல் மெய்யார்ட் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த வினை அது. இனி எதையாவது உறுதிசெய்யத் தேடும்போது "உண்மையா", "சோதனை" என்ற சொற்களைச் சேருங்கள். நாம் நம்புவதையே அடித்தால் தேடுபொறி அதற்கு ஒத்து ஊதும். கட்டுரைக்கு, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தேடல் முடிவுகளுக்கு மேலே வரும் ஏஐ சுருக்கம் போதாதா?

பதில்: ஒரு சொல்லுக்கு விளக்கம் வேண்டுமானால் போதும். அளவு, வெப்பம், ஒவ்வாமை என்றால் கீழே உள்ள மூலப் பக்கத்தைத் திறந்தே ஆக வேண்டும்.

கேள்வி: செய்முறைக்கு முன்னால் குடும்பக் கதை நீளமாக ஓடுகிறது. தாண்ட வழி?

பதில்: கணினியில் கன்ட்ரோல், எஃப் இரண்டையும் சேர்த்து அழுத்தி "கிராம்" என்று அடியுங்கள். ஃபோனில் பிரவுசர் மெனுவிலேயே பக்கத்துக்குள் தேடும் வசதி இருக்கும்.