முதல் பருவத்திலேயே தெருவில் இறக்குங்கள்

(பதில்: ஓய்வுபெற்ற மாவட்ட சுகாதார அலுவலர்)

கேள்வி: எங்கள் கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. பொதுச் சுகாதாரம் தொடங்கப் போகிறோம். பாடத்திட்டக் குழுவில் நானும் இருக்கிறேன். முதல் ஆண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். ஆறாம் பருவத்தில் களப்பயிற்சி. வரைவு சரிதானா?
- பேராசிரியை, தஞ்சாவூர்

பதில்: மருத்துவக் கல்லூரி வாடைதான் தூக்கலாக அடிக்கிறது, அம்மா. அந்த மூன்றையும் ஒரே தாளில் அடக்கிவிடலாம். களப்பயிற்சியைக் கடைசியில் வைத்தால் சுற்றுலாவாகத்தான் முடியும்.

டெங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பருவத்தில் பிள்ளைகள் கையில் டார்ச்சைக் கொடுத்து 100 வீடுகளுக்கு அனுப்புங்கள். சிமென்ட் தொட்டி, டிரம், பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடியும் தட்டு, கொல்லையில் கிடக்கும் சிரட்டை என எல்லாவற்றையும் பார்க்கட்டும். 8 வீடுகளில் கொசுப்புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 8. அந்த எட்டு வீடுகளிலும் சேர்த்து 20 பாத்திரங்களில் புழு என்றால் பிரெட்டோ குறியீடு (நூறு வீடுகளுக்குப் புழு உள்ள பாத்திரங்கள் எத்தனை என்ற கணக்கு) 20. ஒரே தெருவுக்கு இரண்டு எண்கள்! எதை நம்பி ஆட்களை அனுப்புவது என்று வகுப்பில் சண்டை போடட்டும். புள்ளியியல் பாடத்தை அந்தச் சண்டையிலிருந்து தொடங்குங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். அதனால் வாரம் தவறாமல் அதே தெருவுக்குப் போக வேண்டும். கால அட்டவணையில் ஒரு பிற்பகலை முழுசாக விட்டுக்கொடுங்கள். (துறைத்தலைவர்கள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.)

தண்ணீரும் அப்படித்தான். 'தொட்டியில் குளோரின் போட்டாச்சு' என்ற பதிலை எத்தனையோ ஊர்களில் கேட்டிருக்கிறேன். கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரினைச் சோதிக்கும் திரவத்தைச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறமே வராது. அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்ச வேண்டும்.

இரண்டாம் ஆண்டில், பெயர்களை நீக்கிவிட்டு, இறப்புப் பதிவேட்டைப் படிக்கக் கொடுங்கள். 'முதுமை', 'மாரடைப்பு' என்று பக்கம் பக்கமாக இருக்கும். உண்மையில் எதனால் இறந்தார் என்பதை வீட்டாரிடம் பக்குவமாகக் கேட்டறிவது தனிக் கலை. அதற்குப் பயிற்சி வேண்டும். சட்டத்துக்கும் ஒரு தாள் ஒதுக்குங்கள். நம் மாநிலப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-லேயே வந்தது. அதில் அதிகாரிக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று தெரியாமல் ஒருவர் இந்தப் பட்டம் வாங்கக் கூடாது.

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகன் பி.எஸ்சி. பொதுச் சுகாதாரம் படித்தால் சுகாதார ஆய்வாளர் ஆகலாமா?
- ஒரு தந்தை, கரூர்

பதில்: இதை மட்டும் வைத்து ஆக முடியாது, ஐயா. அந்தப் பணிக்கு இரண்டாண்டு சுகாதாரப் பணியாளர் அல்லது சுகாதார ஆய்வாளர் பயிற்சிச் சான்றிதழ் கேட்கிறார்கள். பட்டம் முடித்தால் எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம்) போகலாம், ஆனால் சில இடங்களில் மருத்துவர்களுக்குத்தான் முன்னுரிமை. தொண்டு நிறுவனங்கள், கணக்கெடுப்புத் திட்டங்கள், ஆய்வுப் பணிகளில் இடம் உண்டு. பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். மேலே கேள்வி கேட்ட பேராசிரியையும் இதைக் கவனிக்கட்டும்: இந்த விவரத்தைக் கல்லூரி விளக்கக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.