‘இந்தக் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை’ என்று வந்தால் என்ன செய்வது?

கேள்வி: வீட்டில் 2018-இல் வாங்கிய மேசைக் கணினி இருக்கிறது. இன்டெல் கோர் ஐ5-8400, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10 ஓடுகிறது, ஆனால் ரொம்ப மெதுவாக. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்று பார்த்தால், குறைந்தபட்சத் தேவைகளைப் பூர்த்தி செய்யவில்லை என்கிறது. புதிதாக வாங்கிவிடுங்கள் என்கிறார் ஒருவர். சோதனையை ஏமாற்றிப் போடும் வழி இருக்கிறது என்கிறார் இன்னொருவர். குடும்பப் படங்களும் பல வருட ஆவணங்களும் இதில்தான் இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: இரண்டும் வேண்டாம். ஐ5-8400 எட்டாம் தலைமுறைச் செயலி. சில விதிவிலக்குகளை விட்டுவிட்டால், விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் செயலிகள் தொடங்குவதே எட்டாம் தலைமுறையில்தான். ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையில் பெரும்பாலானவையும் அதற்குப் பிந்தையவையும். 4 ஜிபி ராம், 64 ஜிபி வட்டு என்ற அளவுகளை உங்கள் கணினி எப்போதோ தாண்டிவிட்டது. பிறகு ஏன் அந்தச் செய்தி? பெரும்பாலும் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடிக் கணினியைக் கிளப்பும் அடிப்படை நிரல்) அணைந்து கிடக்கும் இரண்டு அமைப்புகள்தான் காரணமாக இருக்கும். அதைப் பார்க்காமலே நல்ல கணினியைத் தூக்கிப் போடச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் எது குறை என்று தெரிந்துகொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியை இறக்கி ஓட்டினால், எந்தத் தேவையில் தேறவில்லை என்று வரிவரியாகக் காட்டும். அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடித் திறந்து, ‘பயாஸ் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். அதற்கு நேராக ‘லெகஸி’ என்று இருந்தால், பிரச்சினையின் வேர் அங்கேதான்.

விஷயம் இதுதான். விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளை. டிபிஎம் என்பது மறைக்குறியீட்டுச் சாவிகளைப் பத்திரமாக வைத்திருக்கும் பகுதி. உங்கள் காலத்து மதர்போர்டுகளில் தனிச் சில்லு இல்லாவிட்டாலும் அதே வேலையைச் செயலியோடு வரும் ஃபர்ம்வேர் செய்யும். இன்டெல் பயாஸில் அதற்குப் பெயர் ‘பிடிடி’, ஏஎம்டியில் ‘எஃப்டிபிஎம்’. பல போர்டுகள் அதை அணைத்த நிலையிலேயே விற்பனைக்கு வந்தன. செக்யூர் பூட், கணினி கிளம்பும்போது ஓடும் நிரல் நம்பகமானதா என்று கையொப்பத்தைச் சரிபார்க்கும். அது, கணினியைக் கிளப்பும் புதிய முறையான யுஇஎஃப்ஐயில் மட்டுமே வேலை செய்யும். விண்டோஸைப் பழைய லெகஸி முறையில் நிறுவியிருந்தால், போர்டில் வசதி இருந்தும் பயன்படாது.

சரி, பயாஸுக்குள் போய் இரண்டையும் ஆன் செய்துவிடலாமே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். பிடிடியை ஆன் செய்வது எளிது. லெகஸியிலிருந்து யுஇஎஃப்ஐக்கு மாற்றுவதில்தான் சிக்கல். லெகஸி முறையில் நிறுவிய வட்டு ‘எம்பிஆர்’ என்ற பழைய அமைப்பில் இருக்கும். யுஇஎஃப்ஐயில் கிளம்ப விண்டோஸுக்கு ‘ஜிபிடி’ அமைப்பு வேண்டும். வட்டை மாற்றாமல் பயாஸை மட்டும் மாற்றினால் கணினி விண்டோஸுக்குள் போகாது, கறுப்புத் திரையில் நிற்கும். பலர் பயந்து வட்டை ஃபார்மேட் செய்வது இந்த இடத்தில்தான். தேவையே இல்லை. பயாஸில் பழைய முறைக்கே திரும்பினால் கணினி முன்போலவே கிளம்பும்; கோப்பு ஒன்றும் போயிருக்காது.

எதில் கை வைப்பதற்கும் முன்னால் பேக்கப். மேம்படுத்தும்போது கோப்புகள் அப்படியே இருக்கும் என்று விண்டோஸ் சொல்வது உண்மைதான். ஆனால் உங்கள் ஹார்டு டிஸ்க் 2018-ஐச் சேர்ந்தது. மேம்படுத்தல் அதன் மீது மணிக்கணக்கில் எழுதிக்கொண்டும் படித்துக்கொண்டும் இருக்கும். உள்ளூரப் பழுதான வட்டு அந்தச் சுமையில் கைவிடலாம். ஆகவே வெளி வட்டு ஒன்றில் எல்லாவற்றையும் நகலெடுங்கள். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மட்டும் போதாது. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டி டிரைவ், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், அவுட்லுக் பயன்படுத்தினால் அதன் பிஎஸ்டி கோப்பு, நீங்களே நிறுவிய எழுத்துருக்கள் எல்லாம் சேர வேண்டும். நகலெடுத்த வட்டை இன்னொரு கணினியில் மாட்டி, பழைய படம் ஒன்றையும் ஆவணம் ஒன்றையும் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

கூடவே ஒன்று. வட்டை மறைக்குறியீட்டால் பூட்டி வைக்கும் ‘பிட்லாக்கர்’ அல்லது ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ ஆன் ஆகி இருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். இருந்தால், டிபிஎம் அமைப்பையோ பூட் முறையையோ மாற்றியதும் கணினி 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கக்கூடும். அது கையில் இல்லையென்றால் உங்கள் வட்டு உங்களுக்கே திறக்காது. மைக்ரோசாஃப்டாலும் அதை மீட்டுத் தர முடியாது. கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மேலே செல்லுங்கள்.

இனி இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, இருக்கும் வட்டையே மாற்றுவது. விண்டோஸ் 10-இலேயே ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்ற கருவி இருக்கிறது. நிர்வாகி உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்டில் ஓட்ட வேண்டும். முதலில் சரிபார்க்கும் கட்டளை, அது வெற்றி என்று சொன்ன பிறகுதான் மாற்றும் கட்டளை. கோப்புகளை அழிக்காமலேயே வட்டை ஜிபிடி ஆக்கிவிடும். அதன் பிறகு பயாஸில் சிஎஸ்எம் அல்லது லெகஸியை (இரண்டும் பழைய முறையில் கிளம்புவதற்கான அமைப்புகள்) அணைத்து, யுஇஎஃப்ஐ, பிடிடி, செக்யூர் பூட் மூன்றையும் ஆன் செய்ய வேண்டும். விண்டோஸ் கிளம்பியதும் ஹெல்த் செக்கை மறுபடி ஓட்டுங்கள்.

இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அந்தக் கருவி, வட்டில் அதிகபட்சம் மூன்று பிரைமரி பார்ட்டிஷன்களை (வட்டின் முதன்மைப் பிரிவுகள்) மட்டுமே ஏற்கும். எக்ஸ்டென்டட், லாஜிக்கல் பார்ட்டிஷன் இருந்தால் மறுத்துவிடும். விண்டோஸ் தனக்கென வைத்திருக்கும் சிறிய பகுதி ஒன்று, சி டிரைவ், ரெகவரி பகுதி என்றாலே மூன்று ஆகிவிடும். அதற்கு மேல் டி, ஈ என்று பிரித்திருந்தால், அவை பெரும்பாலும் லாஜிக்கல் பார்ட்டிஷன்களாகத்தான் இருக்கும். ஆக, பேக்கப் எடுத்துவிட்டு டி, ஈ இரண்டையும் நீக்கினால்தான் வழி கிடைக்கும். பேக்கப் ஏன் முதலில் வர வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

இரண்டாவது வழியைத்தான் உங்களுக்கு நான் மனதாரச் சொல்வேன்: ஒரு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான வட்டு) வாங்கி அதில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவுங்கள். கணினி மெதுவாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஐ5-8400 ஆறு கோர்கள் கொண்ட செயலி. அன்றாட வேலைகளுக்கு இன்றும் தாராளம். உங்களைக் காக்க வைப்பது சுழலும் ஹார்டு டிஸ்க்தான். அதே வட்டில் விண்டோஸ் 11-ஐப் போட்டால் மேலும் இழுக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 ஜிபி அளவில் இருந்தாலே போதும். இந்த வழியில் எம்பிஆர் தொல்லை தானாகவே தீர்ந்துவிடும். பழைய வட்டைத் தொடவே மாட்டீர்கள் என்பதால் அதுவே முழு நகலாகவும் இருக்கும்.

இழப்பு ஒன்றுதான்: மென்பொருள்களை மறுபடி நிறுவ வேண்டும். என்னென்ன இருக்கின்றன, எதற்கு உரிமச் சாவி வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

செய்முறை கடினமல்ல. மைக்ரோசாஃப்டின் ‘மீடியா கிரியேஷன் டூல்’ கொண்டு 8 ஜிபிக்குக் குறையாத பென்டிரைவில் நிறுவல் ஊடகத்தை உருவாக்குங்கள். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், காலியானதை எடுங்கள். செட்டிங்ஸில் ‘ஆக்டிவேஷன்’ பக்கத்தைத் திறந்து, டிஜிட்டல் லைசென்ஸ் இருக்கிறதா, ஹோமா புரோவா என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த உரிமம் முக்கியமாக மதர்போர்டோடு கட்டுண்டது. வட்டை மாற்றினால் போகாது. நிறுவும்போது சாவி கேட்டால், சாவி இல்லை என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பதிப்பை நிறுவினால் இணையம் கிடைத்ததும் தானாகச் செயலுக்கு வரும்.

பிறகு கணினியை அணைத்து மின்சாரத்தையும் துண்டித்து, பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றுங்கள். இதைத் தவறவே விடாதீர்கள். இரண்டு வட்டுகளும் இணைந்திருந்தால், விண்டோஸ் நிறுவி சில சமயம் பூட் கோப்புகளைப் பழைய வட்டில் கொண்டு போய் வைத்துவிடும். பிற்பாடு அந்த வட்டை எடுத்தால் புதியது கிளம்பாது. அதைவிட மோசம், எந்த வட்டு என்று குழம்பிப் படங்கள் இருக்கும் வட்டையே அழித்துவிடுவது. கேபிள் கழன்றிருந்தால் அந்தக் கவலையே இல்லை. எஸ்எஸ்டியை மாட்டி, பயாஸில் யுஇஎஃப்ஐ, பிடிடி, செக்யூர் பூட் ஆகியவற்றை ஆன் செய்து, பென்டிரைவிலிருந்து நிறுவுங்கள்.

நிறுவும்போது இணைய இணைப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். வைஃபை டிரைவர் (வைஃபையை இயக்கும் நிரல்) இல்லாமல் அங்கேயே நின்றுபோகும் கணினிகள் உண்டு. கேபிள் வழி இணையம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து நெட்வொர்க் டிரைவரை முன்பே பென்டிரைவில் எடுத்து வையுங்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையும் கணினிகளில், வன்பொருள் இடம்கொடுத்தால் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடும். நிறுவி முடித்த அன்றே உங்கள் கணக்கில் ரெகவரி கீ சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள்.

சோதனையை ஏமாற்றிப் போடுவது பற்றி. தகுதியில்லாத கணினியில் விண்டோஸ் 11 நிறுவினால் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உட்பட எதற்கும் உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. மிகப் பழைய செயலிகளில் 24எச்2 கிளம்பவே கிளம்பாது. தகுதியுள்ள கணினியை வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் அந்த வழிக்குப் போக வேண்டும்?

விண்டோஸ் 10-இலேயே இருந்துவிடலாமா என்றால், அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கென அறிவித்த நீட்டிப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தருகிறது. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருப்பவர்கள் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதியலாம். வட்டு வாங்கவும் பேக்கப் எடுக்கவும் அவகாசம் வேண்டுமானால் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வங்கி வேலை செய்யும் கணினியை அதற்குப் பிறகும் புதுப்பிப்பே இல்லாமல் ஓட்ட வேண்டாம்.

முதல் வழியில் போய் இருக்கும் வட்டிலேயே மேம்படுத்தினால், பிடிக்காவிட்டால் பின்வாங்க 10 நாள் உண்டு. செட்டிங்ஸில் ரெகவரி பக்கத்தில் ‘கோ பேக்’ என்று இருக்கும். ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற கோப்புறையில்தான் பழைய விண்டோஸ் காத்திருக்கிறது. இடம் அடைக்கிறது என்று அதை முன்கூட்டியே துடைத்துவிட்டால் திரும்பும் வழியும் போய்விடும். அந்த 10 நாளுக்குள் பிரின்டர், ஸ்கேனர், வெப்கேம், அலுவலக மென்பொருள் என்று நீங்கள் தொடும் ஒவ்வொன்றையும் ஒரு முறையாவது ஓட்டிப் பாருங்கள். எஸ்எஸ்டி வழியில் போனால் இந்தக் கெடு கிடையாது. பழைய வட்டை ஒன்றிரண்டு மாதம் தொடாமல் எடுத்து வையுங்கள். மறந்துபோன கோப்பு எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு அதை ஃபார்மேட் செய்து, இரண்டாம் வட்டாகவோ பேக்கப் வட்டாகவோ பயன்படுத்தலாம். ஆனால் அதன் வயதைப் பார்த்தால், படங்களின் ஒரே நகலை அதை நம்பி விடாதீர்கள்.