சாப்பிடாத பிள்ளை ஏன் சமையல் வீடியோ பார்க்கிறாள்?

என் மகளுக்கு 15 வயது. நாலு மாதமாக அரை இட்லிக்கு மேல் இறங்குவதில்லை. ஆனால் போனில் நாள் முழுக்க சமையல் வீடியோதான். எங்களுக்கு கேக் செய்து தருவாள், தான் தொடமாட்டாள். என்ன பிடிவாதம் இது?

பிடிவாதம் இல்லை, பசி. இது உண்ணுதல் கோளாறாக, அதாவது சாப்பாட்டோடான உறவே கெட்டுப்போகும் மனநோயாக இருக்கலாம். பட்டினி கிடக்கும் மூளை சாப்பாட்டையே சுற்றிச் சுற்றி வரும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ், தாங்களாகவே முன்வந்த 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். எல்லாரும் திடமானவர்கள். போகப்போக அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சில்லை. சிலர் சமையல் புத்தகம் சேர்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் மகளுக்கும் அதுதான் நடக்கிறது. அவள் பார்க்கப் பார்க்க இன்ஸ்டாகிராம் அதே வகையை அள்ளிக் கொட்டும். நடுவில் ஒட்டிய வயிற்றைக் காட்டி, ‘இன்று நான் சாப்பிட்டது இவ்வளவுதான்’ என்று ஒருத்தி வருவாள்.

மாதவிடாய் நின்றிருக்கிறதா? வெயிலிலும் குளிர்கிறது என்கிறாளா? எழுந்தால் தலை சுற்றுகிறதா? ஒன்று இருந்தாலும் இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எடையோடு நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், பொட்டாசியம் எல்லாம் பார்க்க வேண்டும்.

வெறும் படம் பார்த்து நோய் வருமா என்கிறார் கணவர். போனைப் பிடுங்கிவிடலாமா?

பிஜித் தீவின் நட்ரோகா பகுதிக்கு டிவி வந்ததே 1995இல்தான். எடை குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்ன மாணவி அப்போது ஒருத்திகூட இல்லை. 1998இல் மறுபடி கேட்டபோது 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். படம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பரம்பரை, மனப்பதற்றம், கல்யாண வீட்டில் ‘என்னடி இப்படி ஊதிட்டே’ என்ற அத்தையின் பேச்சு, எல்லாம் சேரும். பிடுங்கினால் தோழியின் போனில் பார்ப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து, எதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது என்று கேளுங்கள். அந்தக் கணக்குகளைச் சேர்ந்தே நீக்குங்கள்.

17 வயது மகன் ஜிம்மே கதி. முட்டை வெள்ளையும் புரோட்டீன் பவுடரும்தான். விருந்துக்கு வருவதே இல்லை.

உண்ணுதல் கோளாறு பையன்களுக்கும் வரும். ஒரு நாள் ஜிம் தவறினால் தவித்துப்போகிறானா என்று கவனியுங்கள். ஆம் என்றால் மனநல மருத்துவரைப் பார்க்கவும்.

வயது 19. சாப்பிட்டதும் வாந்தி எடுத்துவிடுகிறேன். வீட்டில் சொல்ல வெட்கம்.

எழுதியதே பெரிய விஷயம் அம்மா. 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்: கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். அப்புறம், வாந்தி எடுத்த கையோடு பல் தேய்க்காதீர்கள், தண்ணீரில் கொப்பளியுங்கள். அமிலம் பட்ட பல் சீக்கிரம் தேயும். நெஞ்சு படபடத்தாலோ, ரத்தம் வந்தாலோ, நடு ராத்திரியானாலும் வீட்டில் ஒருவரை எழுப்பி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.