நாணயம் சேகரிப்போர் கேள்வி–பதில்

கேள்வி: பழைய அலுமினிய நாணயங்களில் வெள்ளைப் பொடி படிகிறது. சோடா உப்பு போட்டுக் கழுவலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். காரம், அமிலம் இரண்டுமே அலுமினியத்தை அரிக்கும். வெள்ளி நாணயம் துலக்கும் திரவத்திலும் முக்காதீர்கள். அந்தப் பொடி அழுக்கு அல்ல, உலோகமே அரித்து உண்டானது. அதன் கீழே குழி விழுந்திருந்தால் மீட்க வழியில்லை. பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்காவுக்காக 1907இல் அலுமினியத்தில் வெளியிட்ட 1/10 பென்னியை மறு ஆண்டே செம்பு-நிக்கலுக்கு மாற்றினார்கள். ஈரக்காற்றில் அலுமினியம் தாங்கவில்லை. இன்று அவற்றில் குழியில்லாதது கிடைத்தால் விடாதீர்கள்.

நாணயத்தைக் காய்ச்சி வடித்த நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் பருத்தித் துணியில் ஒற்றியெடுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்குத் தூய அசிட்டோன் என்னும் கரைப்பான் போதும்; கண்ணாடிக் கிண்ணத்தில், காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல்.

பி.வி.சி. பிளாஸ்டிக் உறை கூடாது, மைலார் (பாலியெஸ்டர் படலம்) உறை நல்லது. அட்டை உறையானால் ஸ்டேப்ளர் பின்னைத் தட்டையாக்குங்கள், அடுத்த நாணயத்தைக் கீறிவிடும். செம்பு நாணயத்தோடு ஒட்டி வைத்தால், ஈரம் பட்டதும் அலுமினியமே முதலில் அரிபடும். பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வையுங்கள்.

கேள்வி: அலுமினியமா, துத்தநாகமா? இரண்டுமே காந்தத்தில் ஒட்டவில்லையே!

பதில்: தராசு சொல்லிவிடும். ஒரே கன அளவில் துத்தநாகம் சுமார் இரண்டரை மடங்கு கனம். ஒப்பிட, 1955 முதல் வரும் ஜப்பானிய 1 யென் நாணயத்தை வைத்துக்கொள்ளுங்கள்: தூய அலுமினியம், 20 மி.மீ. விட்டம், சரியாக 1 கிராம். மெல்லக் கிடையாக வைத்தால் நீர்ப்பரப்பில் மிதக்கும், அவ்வளவு லேசு!