பிறந்த குழந்தைக்கு வெள்ளை அணு 22,000 என்றால் செப்சிஸா?

கேட்டிருப்பது இதுதான்: அக்காவுக்குக் குழந்தை பிறந்து ஒரு நாள் ஆகிறது. தொற்று இருக்குமோ என்று ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் வெள்ளை அணு 22,000, பக்கத்திலேயே 'அதிகம்' என்று அச்சாகியிருக்கிறது. அணுக்களை எண்ணியே செப்சிஸ், அதாவது உடம்பு முழுக்கப் பாதிக்கும் உயிருக்கு ஆபத்தான தொற்று, என்று சொல்லிவிட முடியுமா?

நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரி லேபில் பல வருடமாக ரத்த ஸ்லைடு பார்ப்பவன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் அந்த 'அதிகம்' என்ற வார்த்தையை மறந்துவிடுங்கள். பெரியவர்களுக்கான அளவை, அதாவது சுமார் 4,000 முதல் 11,000 வரை என்பதை, வைத்துக்கொண்டு மெஷின் தானாகப் போடுகிற முத்திரை அது. பிறந்த முதல் நாளில் 9,000 முதல் 30,000 வரை எதுவுமே சகஜம். பிறப்பதே குழந்தையின் உடம்புக்கு ஒரு பெரிய உலுக்கல். வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகை பிறந்த உடனேயே ஏறத் தொடங்கி, 6 முதல் 12 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். குழந்தை வீறிட்டு அழுதால்கூட எண்ணிக்கை கூடும். குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்திலும் நரம்பில் எடுத்த ரத்தத்திலும் ஒரே எண் வராது. அதனால், எத்தனை மணிக்குப் பிறந்தது, எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள் என்று தெரியாமல் 22,000-ஐ மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது.

எங்களைப் பயமுறுத்துவது கூடுதல் அல்ல, குறைவுதான். பிறந்த குழந்தையின் எலும்பு மஜ்ஜையில் நியூட்ரோஃபில் கையிருப்பு ரொம்பக் கொஞ்சம். கடுமையான தொற்று வந்தால் இருப்பதெல்லாம் செலவாகி, புதிதாக உற்பத்தி ஈடுகொடுக்க முடியாமல் எண்ணிக்கை சரிந்துவிடும். மொத்த வெள்ளை அணு 5,000-க்குக் கீழே வந்தால் அந்த ஸ்லைடை அடுக்கில் கடைசியில் வைக்க மாட்டோம். ஆனால் இதிலும் ஒரு சிக்கல்: அம்மாவுக்குக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் எகிறியிருந்தால், தொற்றே இல்லாமல் குழந்தைக்கு நியூட்ரோஃபில் குறையலாம்.

அடுத்து, டாக்டர்கள் போன் போட்டுக் கேட்கும் எண் ஒன்று உண்டு: 'ஐ டு டி ரேஷியோ எவ்வளவு?' முதிராத நியூட்ரோஃபில்களை மொத்த நியூட்ரோஃபில்களால் வகுத்தால் கிடைப்பது. தொற்று வந்தால் மஜ்ஜை அவசரத்தில் பாதி வளர்ந்த செல்களையும் வெளியே அனுப்பிவிடும். முதிர்ந்த செல்லின் உட்கரு இரண்டு மூன்று துண்டாகப் பிரிந்து, நடுவில் மெல்லிய நூல் மாதிரி இணைப்போடு இருக்கும். முதிராத 'பேண்ட்' செல்லின் உட்கரு பிரியாமல், வளைத்த கம்பி மாதிரி ஒரே கனத்தில் இருக்கும். நான் எண்ணும் 100 வெள்ளை அணுக்களில் 60 நியூட்ரோஃபில், அதில் 6 பேண்ட் என்றால் விகிதம் 0.1. கவலைப்பட ஒன்றுமில்லை. 40 நியூட்ரோஃபில்லில் 16 முதிராதவை என்றால் 0.4. பொதுவாக 0.2-ஐத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும்.

இந்த எண்ணை நான் ஒரேயடியாக நம்புவதில்லை, தினமும் நானே எண்ணினாலும். நூல் மாதிரி இருக்கிறதா, கொஞ்சம் தடிமனா என்று இழுபறியில் நிற்கிற செல்கள் ஒவ்வொரு ஸ்லைடிலும் உண்டு. நான் பேண்ட் என்பதைப் பக்கத்து இருக்கைக்காரர் முதிர்ந்த செல் என்பார். நூறே நூறு செல்லை எண்ணும்போது நான்கைந்து செல் அந்தப் பக்கம் போனாலே விகிதம் மாறிவிடும். பிரசவம் நீண்டு இழுத்தாலோ, குழந்தைக்குப் பிறக்கும்போது மூச்சு திணறியிருந்தாலோகூட இது ஏறும். அதனால் விகிதம் அதிகமாக வந்தால் 'செப்சிஸ்தான்' என்று அர்த்தம் இல்லை. குறைவாக வந்தால், குழந்தையும் நன்றாக இருந்தால், தொற்று இல்லை என்ற பக்கம் சாய்வதற்குத்தான் இது அதிகம் உதவும்.

மெஷின் ஏமாறும் இடமும் ஒன்று இருக்கிறது. பிறந்த குழந்தையின் ரத்தத்தில், அதுவும் குறைமாதக் குழந்தை என்றால், உட்கரு உள்ள இளம் சிவப்பணுக்கள் சுற்றிக்கொண்டிருக்கும். சில மெஷின்கள் அவற்றையும் வெள்ளை அணு என்று எண்ணிவிடும். மெஷின் 30,000 காட்டுகிறது, ஸ்லைடில் 100 வெள்ளை அணுவுக்கு 50 இளம் சிவப்பணு தெரிகிறது என்றால் உண்மையான எண்ணிக்கை 20,000தான். உங்கள் ரிப்போர்ட்டில் 'திருத்திய எண்ணிக்கை' என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 1.5 லட்சத்துக்குக் கீழே போனால் அதையும் கணக்கில் சேர்ப்பார்கள். ஆனால் அது தாமதமாக வரும் அறிகுறி. டியூபில் ரத்தம் லேசாக உறைந்திருந்தாலும் குறைத்துக் காட்டும்.

இவற்றையெல்லாம் ஒன்றாகக் கூட்டி மார்க் போடும் முறையும் உண்டு. 1988-இல் ராட்வெல் குழுவினர் வெளியிட்ட ஏழு அம்ச மதிப்பெண் முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 3 அல்லது அதற்கு மேல் வந்தால் செப்சிஸுக்கு வாய்ப்பு அதிகம் என்பார்கள். தனி எண்ணை நம்புவதற்கு அது எவ்வளவோ மேல்.

எப்போது எடுத்தார்கள் என்பது ஏன் முக்கியம் என்று எனக்குப் புரிந்தது ஒரு நைட் ஷிஃப்டில். பிறந்து ஒரு மணி நேரம் ஆன குழந்தையின் சாம்பிள் வந்தது. மொத்தம் 14,000, ஸ்லைடும் சுத்தம். ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். விடியும்போது அதே குழந்தையின் இரண்டாவது சாம்பிள். 4,200. லென்ஸ் வழியாகப் பார்த்தால் நியூட்ரோஃபில்லைத் தேடித் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கிடைத்ததில் பாதி பேண்ட், உள்ளே கருநீலத் துகள்கள், சிலவற்றில் குமிழ் குமிழாக ஓட்டைகள். போனை எடுத்து வார்டுக்குச் சொன்னால், அங்கிருந்த சிஸ்டர், "குழந்தை பால் குடிக்கலை, முனகிட்டே மூச்சு விடுது, ராத்திரியே ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சாச்சு சார்" என்றார். என் முதல் ரிப்போர்ட்டைப் பார்த்து யாரும் நிம்மதியாகிவிடவில்லை, நல்லவேளை. பிறகு ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையில் ஈ.கோலை என்ற பாக்டீரியா வளர்ந்தது.

2010-இல் கலிபோர்னியாவில் 67,000-க்கும் மேற்பட்ட பிறந்த குழந்தைகளை வைத்து வந்த ஆய்வும் இதையே சொன்னது: பிறந்து 4 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில்தான் எண்கள் உபயோகமாக இருந்தன. அதிலும் குறைந்த எண்ணிக்கைக்குத்தான் மதிப்பு. உங்கள் 22,000 மாதிரியான உயர்ந்த எண்ணிக்கை பெரிதாக உதவவில்லை.

அப்படியானால் உறுதி செய்வது எது? பிளட் கல்ச்சர். ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்பே, குறைந்தது 1 மில்லி ரத்தம் எடுத்துப் பாட்டிலில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. பெரும்பாலும் 36 முதல் 48 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதத்தை அளக்கும் சிஆர்பி என்ற சோதனையும் கூடவே வரும். தொற்று ஆரம்பித்துப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் அது ஏறும் என்பதால், ஒருநாள் இடைவெளியில் இரண்டு முறை பார்ப்பார்கள். குழந்தை தெளிவாக இருந்து, கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை என்றால் மருந்தை நிறுத்திவிடுவது வழக்கம்.

டாக்டரிடம் கேட்பதாக இருந்தால் '22,000 அதிகமா?' என்று கேட்காதீர்கள். ரத்தம் எத்தனையாவது மணி நேரத்தில் எடுத்தது, ஐ டு டி எவ்வளவு, கல்ச்சர் அனுப்பியாச்சா, மறுபடி எப்போது பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். அப்புறம், குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினாலோ, உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, அடுத்த ரிப்போர்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் உடனே சிஸ்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.