மெல்லிய டைட்டானியம் சுவர் மில்லிங்: கேள்வி பதில்

மில்லிங்கில், அதாவது சுழலும் டூலால் உலோகத்தைச் செதுக்கும் வேலையில், வந்த கேள்விகள் எல்லாமே கிரேடு 5, அதாவது 6% அலுமினியம், 4% வனேடியம் கலந்த டைட்டானியம் பற்றித்தான். பதில்களும் அதற்கே.

கேள்வி: சுவர் உயரம் 30 மி.மீ., தடிமன் 1.5. அடியில் அளவு சரியாக வருகிறது, மேலே 1.62 காட்டுகிறது. புரோகிராமைப் பலமுறை பார்த்துவிட்டேன் சார்.

புரோகிராமை விடுங்கள். டூல் தள்ளும்போது சுவரின் மேல் முனை விலகிக் கொடுக்கிறது, டூல் போனதும் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. விலகிய அளவுக்கு உலோகம் வெட்டுப்படாமல் தங்கிவிடும். டைட்டானியம் வலுவானதுதான், ஆனால் விறைப்பில் எஃகில் ஏறக்குறைய பாதி. போதாததற்கு, தடிமனைப் பாதியாக்கினால் வளைவு 8 மடங்கு ஆகும்.

ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். ரஃப்பிங்கில், அதாவது முதல் முரட்டு வெட்டில், இரு பக்கமும் கொஞ்சம் தாராளமாகவே விடுங்கள். பினிஷிங்கில், அதாவது இறுதி வெட்டில், மேலிருந்து 5 அல்லது 6 மி.மீ. ஆழம் இடது பக்கம், அதே ஆழம் வலது பக்கம், அப்புறம் அடுத்த படி. கீழே இன்னும் தடிப்பாக இருக்கும் பகுதி சுவரைத் தாங்கும். கழுத்து ஒடுக்கிய எண்ட் மில் (பக்கத்திலும் நுனியிலும் வெட்டும் டூல்) போடுங்கள். இல்லையென்றால் கீழே இறங்கும்போது முடித்த பகுதியைத் தண்டு உரசும்.

கேள்வி: மிச்சமிருப்பதை எடுக்க அதே அளவில் இன்னொரு பாஸ் (வெட்டு ஓட்டம்) ஓட்டலாமா?

அலுமினியப் பழக்கம் இது. டைட்டானியத்தில் வேண்டாம். வெட்டக் கிடைப்பது இல்லாமல் முனை உரசும், சூடாகும், மழுங்கும். கடைசி பாஸுக்கு 0.2 அல்லது 0.3 விட்டு, ஒரே தடவையில் முடியுங்கள்.

கேள்வி: ஃபீட்டை (டூல் முன்னேறும் அளவை) பாதியாக்கியும் பினிஷ் வரவில்லை. கோடு கோடாக இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 மி.மீ. விட்டம், 4 பல், பல்லுக்கு 0.1 ஃபீட். பக்கவாட்டு மில்லிங்கில் ஃபீட் விடும் மேட்டின் உயரம், ஃபீட்டின் வர்க்கத்தை விட்டத்தின் 4 மடங்கால் வகுத்தால் வரும்: 0.01 வகுத்தல் 40, அதாவது 0.25 மைக்ரான். கண்ணுக்கே தெரியாது! இதில் ஃபீட்டைக் குறைத்து என்ன மிச்சம்?

இப்போது ரன்-அவுட் (டூல் மையம் விலகிச் சுற்றுவது) இருக்கிறது என்று வையுங்கள். நாலில் ஒரு பல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் சுவரில் தடம் விடுவது அது ஒன்றுதான். ஒரு சுற்றுக்கு ஒரு கோடு, இடைவெளி 0.4. அதே கணக்கில் 4 மைக்ரான், 16 மடங்கு. உங்கள் கோடுகளின் இடைவெளியை உருப்பெருக்கியில் அளந்து பாருங்கள். பல்லுக்கான ஃபீட்டுக்குப் பதில் சுற்றுக்கான ஃபீட்டோடு ஒத்துப்போனால் குற்றவாளி ஹோல்டர், அதாவது டூலைப் பிடிக்கும் பிடி. கோலெட்டை (ஹோல்டருக்குள் டூலைக் கவ்வும் பிளவு வளையத்தை) துடைத்து, டூல் முனையில் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். 10 மைக்ரானுக்குள் இல்லையென்றால் ஷ்ரிங்க் ஃபிட் (சூடேற்றி டூலை நுழைத்து, ஆறும்போது இறுகுவது) அல்லது ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இறுகுவது) ஹோல்டர் போடுங்கள்.

ஃபீட்டைக் குறைப்பதில் இன்னொரு வம்பும் உண்டு. பக்கவாட்டு வெட்டு 0.3 மட்டுமே என்றால், 0.1 ஃபீட்டிலும் சிப்பின் (வெட்டி வரும் சீவலின்) உச்சத் தடிமன் சுமார் 0.034தான். பாதியாக்கினால் 0.017, வெட்டும் முனையின் உருண்டையான வளைவின் ஆரமே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கலாம். பிறகு வெட்டு ஏது, தேய்ப்புதான்.

கேள்வி: அண்ணா, விசில் மாதிரி கத்துகிறது. வேகத்தைக் குறைக்கவா?

குறைப்பது மட்டுமே வழியில்லை. மாற்றிப் பாருங்கள், கூட்டியும். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 60 மீட்டர் என்றால் 10 மி.மீ. டூல் நிமிடத்துக்குச் சுமார் 1,910 சுற்று. 4 பல்லுக்கு நொடிக்கு 127 தட்டு. அந்தத் தட்டோ அதன் மடங்கோ சுவரின் இயல்பு அதிர்வோடு எப்படிப் பொருந்துகிறது என்பதில்தான் சேட்டரின் (இந்தக் கத்தும் அதிர்வின்) சூட்சுமம். மெஷினை நிறுத்திவிட்டு சுவரை விரலால் சுண்டிப் பாருங்கள், மணி மாதிரி நீண்டு ஒலித்தால் அதற்குத் தாங்கல் வேண்டும். பாக்கெட்டில் (சுவர்களுக்கு இடையே வெட்டிய குழியில்) மெழுகு ஊற்றி நிரப்பினால் ஒலி சட்டென்று அடங்கும். பல் இடைவெளி சமமில்லாத எண்ட் மில்லும் நன்றாக உதவும்.

கேள்வி: வைஸிலிருந்து கழற்றியதும் ஜாப் வாழைப்பழம் போல் வளைகிறது.

உள்ளே இருந்த இறுக்கம் வெளியே வருகிறது. ரஃப்பிங் முடிந்ததும் கிளாம்பைத் தளர்த்தி, வளையவிட்டு, அடித்தளத்தை மறுபடி சீர்செய்து, அதிகம் இறுக்காமல் பிடியுங்கள். ஸ்ட்ரெஸ் ரிலீவ் (சூடேற்றி அந்த இறுக்கத்தைப் போக்குவது) செய்வதானால் வெற்றிடத்தில் செய்யுங்கள். காற்றில் சூடேற்றினால் மேலே கடினமான, நொறுங்கும் தோல் உருவாகும், அதையும் வெட்டி எடுக்க வேண்டிவரும். நான் ஒருமுறை சுத்த அளவுக்கு முடித்த பிறகு காற்று உலையில் கொடுத்து, ஒரு ஜாப்பைக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறேன்.

கேள்வி: சிப் தீப்பிடிக்குமா?

பொடிச் சிப் பிடிக்கும். தண்ணீர் ஊற்றாதீர்கள். உலோகத் தீக்கான டி வகை பவுடர், இல்லையேல் நன்கு காய்ந்த மணல், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.